கடலில் பட்டறை போட்ட விமானி

நாட்றாம்பாளையத்திலிருந்து எவ்வளவு தூரம் இறங்கி நடந்தாலும் கடல் வராது. காடு வரும். காடு முடியும் இடத்தில் காவிரி வரும். அக்கரை கர்நாடகம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் இந்த மலைப்பாதையில் யானை குறுக்கே நின்றால் பேருந்தும் நிற்கும். அது நகர்ந்த பிறகுதான் நாம் நகரலாம். கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளைகிற இந்த ஊர்களில், கடலைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்து முடித்த பெரியவர்கள் ஏராளம்.

அந்தப் பாதையில் ஒரு திங்கட்கிழமை விடியலில் பேருந்தில் பக்கத்து இருக்கைத் தம்பி கேட்ட கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டர். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கல், சனிக்கிழமை ராத்திரி ஊர். என் மடியில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"யாருணா இது?"

"நேவி பைலட்டுப்பா. ரிட்டயர் ஆயிட்டாரு. தனியாளா உலகத்தைச் சுத்தி வந்தவரு."

"ஏரோப்ளேன்லயா?"

"இல்ல, பாய் கட்டின படகுல. ரெண்டு வாட்டி."

"பைலட்டுக்குப் படகுல என்னணா வேலை?"

அஞ்செட்டி வருவதற்குள் பதில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தேன்கனிக்கோட்டை தாண்டியும் முடியவில்லை.

அவர் பெயர் அபிலாஷ் டோமி. 1979-ல் பிறந்த மலையாளி. அப்பாவும் கடற்படையில் இருந்தவர். 2000-ல் கடற்படை அதிகாரியான டோமி, டோர்னியர் விமானத்தில் கடல் கண்காணிப்பு விமானியானார். விமானப்படை விமானிக்குக் கீழே மலை, ஆறு, ரயில் பாதை என்று ஏதாவது அடையாளம் தெரியும். கடற்படைக் கண்காணிப்பு விமானிக்கு மணிக்கணக்காகத் தண்ணீர்தான். கரையை விட்டுப் போய், சந்தேகப்படும்படி கப்பலோ படகோ தெரிகிறதா என்று பார்த்து, இருக்கிற எரிபொருளைக் கணக்குப் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்பது ஒவ்வொரு நிமிடமும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படகில் ஏறுவதற்கு முன்பே டோமி கடல்காரர்தான். பார்த்த உயரம் மட்டும் வேறு.

ஆனால் உலகைச் சுற்றும் யோசனை அவருடையது அல்ல. 1971 போரில் வீர் சக்ரா பெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதி என்ற பெரியவரின் நெடுநாள் ஆசை அது: இந்தியர் ஒருவர், இந்தியாவில் கட்டிய படகில், தனியாக உலகைச் சுற்றி வர வேண்டும். கடற்படையில் அதற்கு முன்வந்தவர் கமாண்டர் திலீப் தோண்டே. படகு கட்ட முன்வந்தவர் கோவாவின் திவார் தீவில் படகுக் கூடம் வைத்திருந்த ரத்னாகர் தாண்டேகர். 56 அடி நீளப் படகு. மாண்டவி ஆற்றின் இன்னொரு பெயரையே அதற்கும் சூட்டினார்கள்: 'மாதேய்'. 2009 ஆகஸ்டில் கிளம்பிய தோண்டே, நான்கு துறைமுகங்களில் நின்று, 2010 மே மாதம் மும்பை திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர்.

அந்தப் பயணத்தில் டோமிக்கு என்ன வேலை? கரைப்பணி. படகு துறைமுகத்துக்கு வந்ததும் ஓடிப்போய் எது உடைந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்து அனுப்புகிற ஆள். டோமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கென்னவோ அவருடைய கதைக்கு அடிவாரமே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. ஒரு படகில் எந்த ஆணி முதலில் இளகும், எந்தக் கயிறு எங்கே உரசி அறும் என்பதை அவர் கற்றது புயலில் அல்ல, கரையில் ஸ்பேனர் பிடித்த கையோடு.

2012 நவம்பர் 1. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அதே மாதேயில் டோமி கிளம்பினார். இந்த முறை எங்கும் நிற்பதில்லை. துறைமுகம் கிடையாது, யாரும் எதுவும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது. கிழக்கு நோக்கி ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை மூன்றையும் சுற்றி வர வேண்டும். தனியாகப் போகிறவருக்கு ராத்திரி என்று முழுத்தூக்கம் கிடையாது. துண்டுதுண்டாகத்தான் உறங்க முடியும். 2013 ஜனவரி 26, குடியரசு நாளில் ஹார்ன் முனையைத் தாண்டினார். மார்ச் 31-ல் மும்பை. ஏறத்தாழ 23,000 கடல் மைல். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்ற பெயரும், அமைதிக்காலத்தின் இரண்டாவது உயரிய வீர விருதான கீர்த்தி சக்ராவும் கிடைத்தன. அந்த 151 நாட்களின் நாட்குறிப்பு பின்னர் புத்தகமாகவும் வந்தது.

"அத்தோட வுட்டிருக்கலாமே ணா," என்றார் தம்பி.

பெரும்பாலோர் விட்டிருப்பார்கள்.

நான்கு நொடி, ஒரு மைல்

1968-ல் லண்டன் பத்திரிகை ஒன்று, நிற்காமல் தனியாக உலகைச் சுற்றுபவருக்கு 'கோல்டன் குளோப்' பரிசு என்று அறிவித்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஒருவர்தான் முடித்தார்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாட்களில். அவர் போன 'சுஹைலி' பம்பாயில், இந்தியக் கைகள் தேக்கில் கட்டிய படகு. நம் நாட்டில் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் போதாது என்பது என் வருத்தம்.

அந்தப் போட்டியின் 50-வது ஆண்டை ஒட்டி 2018-ல் அதே பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். விதி கடுமையானது. 1968-ல் நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் இருந்தது போன்ற கருவிகளோடுதான் போக வேண்டும். ஜிபிஎஸ் கூடாது, ஆபத்துக்கு மட்டும் என்று முத்திரையிட்ட பெட்டியில் ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் முழுப் போட்டியாளர் என்ற தகுதி போய்விடும். கணினி கிடையாது, மின்சாரத்தில் இயங்கும் தானியங்கிச் சுக்கான் கிடையாது. காகித வரைபடம், செக்ஸ்டன்ட், கடிகாரம். பாட்டுக் கேட்க வேண்டுமானால் கேசட். படகு 32 முதல் 36 அடிக்குள்.

செக்ஸ்டன்ட் என்பது சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி. உச்சிவேளையில் சூரியனை அளந்தால் வடக்கு-தெற்கில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கிழக்கு-மேற்குதான் சிக்கல். அதற்குச் சரியான நேரம் தெரிய வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. நிலநடுக்கோட்டருகே கடிகாரம் நான்கு நொடி தப்பினால் கணக்கு ஒரு கடல் மைல் தப்பும். ஒரு நிமிடம் தப்பினால் பதினைந்து மைல். தென்பெருங்கடலில் இந்தத் தூரம் கொஞ்சம் குறையும் என்றாலும் இருட்டில் ஒரு தீவில் மோத அதுவே போதும்.

இதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்கச் சிரமமில்லை. 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் கடிகாரம் செய்யத் தேர்ந்தெடுத்த ஊர் ஓசூர். நொடியை மதிக்கும் வேலையைக் கண்ணாலும் விரலாலும் செய்து பழகியவர்கள் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு உண்டு. தம்பி உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ அவருக்கு வாட்சுதான் ரோடு."

சரியாகச் சொன்னார். அதே கைக்கடிகாரம் இன்னொரு விதத்திலும் இந்தக் கதையில் வரப்போகிறது.

டோமிக்காக தாண்டேகர் கோவாவில் சுஹைலியின் மறுவார்ப்பாக 32 அடி மரப்படகு ஒன்றைக் கட்டினார். பெயர் 'துரியா'. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலை. நம் சைவப் பெரியவர்கள் துரியம் என்று சொல்வது. 2018 ஜூலை 1-ல் பிரான்ஸின் லெ சாப்ல் தோலோன் துறைமுகத்திலிருந்து பந்தயம் கிளம்பியது.

செப்டம்பர் 21

எண்பது நாளுக்கு மேல் கடலில். டோமி மூன்றாம் இடத்தில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,900 கடல் மைல். மனிதர் குடியிருக்கும் எந்த நிலத்திலிருந்தும் தொலைவான பகுதி. வணிகக் கப்பல்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

புயல் வந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அலை 14 மீட்டர் வரை. நாலு மாடிக் கட்டடம் நகர்ந்து வருகிற உயரம். இப்படிப்பட்ட அலையில் பாயை இறக்கிவிட்டாலும் படகு நிற்காது; வெறும் பாய்மரத்தில் படும் காற்றே அதைத் தள்ளிக்கொண்டு போகும். துரியா ஒருமுறை புரண்டது. அலை பாய்மரத்தைத் தண்ணீருக்குள் அமுக்க, டோமி அதைப் பிடித்துத் தொங்கினார். படகின் அடியில் கனமான கீல் இருப்பதால் அது தானாக நிமிர்ந்தது. நிமிரும்போது அவரையும் சேர்த்து மேலே தூக்கியது. பிடி நழுவியபோது கைக்கடிகாரத்தின் பட்டை கயிற்றில் மாட்டிக்கொண்டது. அந்தப் பட்டையில், ஒற்றைக் கையில், புயல் நடுவே தொங்கினார். பட்டை அறுந்தது. மேல்தளத்தில் வந்து விழுந்தார்.

முதலில் வலி தெரியவில்லை. பாய்மரம் முறிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கால் சொன்னதைக் கேட்கவில்லை. தவழ்ந்து அறைக்குள் போய்ப் படுத்தவரால் அதற்குப் பிறகு எழ முடியவில்லை. பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை என்று குறுஞ்செய்திக் கருவியில் சில சொற்களை மட்டும் அனுப்பினார். தண்ணீர் குடித்தால் வாந்தி. படகு கட்டுப்பாடில்லாமல் உருண்டுகொண்டேயிருந்தது. மூன்று நாள் அப்படியே.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கும் மீட்பு மையம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் கிளம்பியது. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். சத்புரா திரும்பியது. மொரிஷியஸிலிருந்து பறந்த நம் கடற்படையின் பி-8ஐ விமானம், முறிந்த பாய்மரம் பக்கவாட்டில் தொங்க, அலையில் தத்தளிக்கும் துரியாவைக் கண்டுபிடித்தது. அந்த வகை விமானங்களின் தாய்வீடு நம் அரக்கோணம், ஐ.என்.எஸ். ராஜாளி. கடல் மேல் தொலைந்தவரைத் தேடிப் பறப்பது டோமி தன் பணிக்காலத்தில் செய்த அதே வேலை. இப்போது தேடப்படுகிறவர் அவர்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. அதே புயலில் அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மெகக்கின் படகும் பாய்மரத்தை இழந்திருந்தது. அவருக்குக் காயமில்லை. மிச்சமிருந்த கழிகளை வைத்துத் தற்காலிகப் பாய்மரம் நட்டுக்கொண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரைக்குப் போகாமல், டோமி இருக்கும் திசைக்குத் திரும்பினார். இந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட இந்த ஒரு திருப்பத்தைத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 24-ல் பிரான்ஸின் மீன்வள ரோந்துக் கப்பல் 'ஒசிரிஸ்' முதலில் போய்ச் சேர்ந்தது. சிறு படகில் போன மாலுமிகள் டோமியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கப்பலேற்றினார்கள். அன்றைக்கே மெகக்கினையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாம் என்ற குட்டித் தீவின் மருத்துவமனையில் முதல் சிகிச்சை. பிறகு சத்புராவில் விசாகப்பட்டினம். துரியாவைக் கடலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

யாரோ ஒருவரின் ஆசைக்காக இத்தனை கப்பலும் விமானமும் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமற்றதல்ல. ஆனால் கடலில் ஆபத்து என்று குரல் வந்தால், யார் எவர் என்று கேளாமல் பக்கத்தில் இருப்பவர் போக வேண்டும் என்பது எல்லா நாடுகளும் ஏற்ற முறை. ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிற ஒவ்வொரு மீனவரும் அந்த முறையை நம்பித்தான் போகிறார். அதைச் சாகசக்காரருக்கு ஒரு விதம், மீன் பிடிப்பவருக்கு ஒரு விதம் என்று பிரிக்க ஆரம்பித்தால் இழப்பு நம் மீனவருக்குத்தான்.

கதவை அறுத்தவர்

முதுகெலும்பில் பல இடத்தில் முறிவு. அறுவை சிகிச்சையில் டைட்டேனியம் தண்டுகள் வைத்தார்கள். நடப்பதை மறுபடி கற்றார். மறுபடி விமானமும் ஓட்டினார். 2021-ல் கமாண்டர் பதவியோடு கடற்படையிலிருந்து விடுபட்டார். ஓய்வு என்றால் நம் வழக்கில் சாய்வு நாற்காலி. நாற்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்ற இவர் எடுத்த முடிவு, முதுகை முறித்த அதே பந்தயத்துக்கு மறுபடி பெயர் கொடுப்பது.

இப்போது பின்னால் கடற்படை இல்லை. பணம் தேட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 'பயானத்' நிறுவனம் கைகொடுத்தது. 36 அடிப் படகுக்கும் அதே பெயர். பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பு பெரிய சரக்குக் கப்பலோடு உரசி அந்தப் படகு சேதமானது. அதையும் சரிசெய்துகொண்டு 2022 செப்டம்பர் 4-ல் கிளம்பினார். பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்தப் பயணம் முழுக்கப் பழுதுகளின் பயணம். தனியாகப் போகும் படகில் 24 மணி நேரமும் சுக்கானைப் பிடித்து உட்கார முடியாது. அதற்காகப் படகின் பின்புறம் விண்ட்வேன் என்ற ஒன்றைப் பொருத்துவார்கள். மேலே காற்றுத் திசையைப் பார்த்துச் சாயும் ஒரு தகடு, கீழே தண்ணீருக்குள் ஒரு துடுப்புப் பலகை. படகு திசை மாறினால் மேல்தகடு சாயும், அது கீழ்ப்பலகையைத் திருப்பும், படகு தன் திசைக்கு வரும். மின்சாரம் தேவையில்லை. இரண்டாவது மாலுமி என்றே அதைச் சொல்லலாம். அந்தத் துடுப்புப் பலகைதான் டோமிக்கு உடைந்தது. மாற்று வைத்திருந்தார், அதுவும் போனது. பாதி உலகத்துக்கு அப்பால், ஆணி வாங்கக்கூடக் கடை இல்லாத இடத்தில், படகுக்குள் சுற்றிப் பார்த்தார். கழிவறைக்கு ஒரு கதவு இருந்தது. தனி ஆளுக்குக் கழிவறைக் கதவு எதற்கு? கழற்றி, அறுத்து, வடிவம் கொடுத்துப் பலகையாக்கிவிட்டார்.

2018-ல் என்ன நடந்தது என்று ஒரு கணமும் மறக்க முடியாத அதே தென்பெருங்கடலை, அப்படி ஒட்டுப்போட்ட படகில் கடந்தார். 2023 பிப்ரவரியில் ஹார்ன் முனையை இரண்டாம் முறை சுற்றினார். ஏப்ரல் 29-ல், 236 நாளுக்குப் பிறகு, லெ சாப்ல் தோலோன் துறைமுகத்தில் கால் வைத்தார். இரண்டாம் இடம். உலகைச் சுற்றும் தனிப்படகுப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த முதல் இந்தியர். பதினாறு பேரில் நிற்காமல் விதிப்படி முடித்தவர்கள் மூன்றே பேர்.

முதலிடம் தென் ஆப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்ற பெண்ணுக்கு. டோமிக்கு இரண்டு நாள் முன்பு வந்தவர். மூன்று முனைகளையும் சுற்றும் தனிப் பந்தயத்தில் வென்ற முதல் பெண் அவர். வழியில் படகு மூழ்கி உயிர்ப்படகில் மிதந்த பின்லாந்துப் போட்டியாளர் டாப்பியோ லேடினனைத் தேடிப் போய்த் தூக்கிக் காப்பாற்றிவிட்டு வந்தும் முதலிடம்.

டோமியின் கைப்பழக்கம் அடுத்தவர்களுக்கும் போயிருக்கிறது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பிய 'தாரிணி' படகில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள்: லெஃப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெஃப்டினன்ட் கமாண்டர் ரூபா. ரூபா புதுச்சேரிக்காரர். இருவரையும் பழக்கியவர் டோமி. எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான நீமோ புள்ளியை அவர்கள் கடந்தபோது தமிழ்நாட்டின் தொலைக்காட்சிகள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று திட்டம். பேளகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே சிறிய ஓடுதளம் உண்டு. தளி சாலையில் போகிறவர்கள் தலைக்கு மேல் விமானம் இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சாலையோர ஊர்களின் பிள்ளைகளில் யாராவது ஒருவர், ஒரு நாள் ராஜாளியில் பறக்கட்டும், பறந்து முடித்துக் கடலில் இறங்கட்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. ஓசூர் நெருங்கும்போது திடீரென்று கேட்டார்.

"அந்தக் கதவு என்ன பலகைணா? ப்ளைவுட்டா?"

"தெரியலப்பா."

"ப்ளைவுட்டுன்னா அறுத்த ஓரத்துல தண்ணி ஏறும். ஓரத்துக்கு ஏதாவது பூசியிருப்பாரு." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு செவ்வகம், அதன் மேல் சாய்வாக ஒரு கோடு. "இப்படி நேரா வெட்டினா நாலு நாளு தாங்காது. முன்பக்கம் வட்டமா, பின்னால மெலிசா இழைக்கணும். ஆடுற படகுல வைஸ் இல்லாம எப்படிப் புடிச்சிருப்பாரு? கால்ல அமுக்கிக்கிட்டுத்தான்."

சிப்காட் நிறுத்தம் வந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.